மடியில் கனம்

காவல் நிலையக் கோப்பி இவ்வளவு நன்றாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. முதியோர் இல்லக் குசினியில் இத்தனை வருடம் வேலை செய்தவன் என்ற முறையில் கோப்பியைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. அங்கே நாங்கள் கிழவர்களுக்குக் கொடுப்பது கழுநீர். இது கோப்பி. என்னை விசாரிக்கிற மாரித் அம்மையாரிடம் நான் நன்றி சொன்னதாகச் சொல்லுங்கள், பிள்ளை.

நிவேதிதா என்று பெயர் சொன்னீர்கள். கோயம்புத்தூர்ப் பக்கமோ? நீங்கள் கதைப்பது எனக்குச் சினிமாப் பார்ப்பதுபோல இருக்கிறது. நான் கதைப்பது உங்களுக்கு மலையாளம்போல இருக்கும். பரவாயில்லை, விளங்காத இடத்தில் நிறுத்திக் கேளுங்கள். நோர்வேஜிய மொழி எனக்குத் தெரியும். முதல் விசாரணைகளில் அதில்தான் பதில் சொன்னேன், மாரித் அம்மையார் என் உச்சரிப்பைப் புகழ்ந்தும் இருக்கிறார். பொய் சொல்வதற்கு அந்த மொழி போதுமாக இருந்தது. இன்றைக்குச் சிலவற்றைத் திருத்தவேண்டும், அதற்குத்தான் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டேன்.

என் வழக்கறிஞர் இன்றைக்கு வரவேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். கெட்டிக்கார மனிதர். "கள்ளன் என்று நினைத்துச் சுட்டேன் என்று சொன்னீர்கள் அல்லவா, அதோடு நில்லுங்கள். ஏற்கெனவே களவு போன வீடு, பயந்துபோன மனிதன், நீதிமன்றம் இரங்கும். வயதாகுமுன் வீட்டுக்குப் போய்விடலாம்" என்றார். நல்ல யோசனைதான். அதில் உண்மை இல்லை என்பது ஒன்றே குறை.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். என் பெயர் யோகராசா. குரோருட்டில், கூட்டுறவுத் தொடர்மாடியில், மனைவி ராசமலரோடு இருக்கிறேன். எங்களுக்கு நேர்கீழ் வீட்டில் றெஜினோல்டும் அவன் மனைவி இமெல்டாவும். றெஜினோல்ட் பஸ் ஓட்டுநர். இந்த நாட்டுக்கு வந்த காலம்தொட்டு என் கூட்டாளி. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் வீட்டு வாசல் நடையில் வைத்து அவனை என் பிஸ்ரலால் சுட்டேன். செத்துப்போனான்.

இனித் திருத்தங்கள். கொஞ்சம் பின்னால் போகவேண்டும், குறை நினைக்காதீர்கள்.

எங்கள் ஆட்கள் கல்யாண வீட்டுக்குப் போவதென்றால் வங்கிப் பெட்டகத்திலிருந்து நகை வெளியே வரும். திங்கட்கிழமை வங்கி திறக்கும்வரை வீட்டில் கிடக்கும். இது எங்களுக்குத் தெரிந்த அளவுக்குக் கள்ளருக்கும் தெரியும். இன்னொன்றும் தெரியும். கல்யாணத்துக்கு மறுநாள் யாராவது பலகாரத் தட்டோடு வருவார்கள், அதனால் மணி அடித்தால் யார் என்று கேளாமல் கதவைத் திறப்போம். இரண்டு வருடத்துக்கு முன் அப்படி ஒரு ஞாயிறு காலை மணி அடித்தது. ராசமலர் திறந்தாள். முகத்தை மூடிய இருவர் அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்கள். காப்பு, அட்டியல், சங்கிலி எல்லாம் எடுத்தார்கள். கடைசியில் கழுத்திலிருந்த தாலிக்கொடியையும் கழற்றினார்கள். அறுக்கவில்லை. அவளைக் கொண்டே கழற்றுவித்தார்கள்.

நான் அந்த நேரம் கட்டடத்தின் நிலக்கீழ் அறையில், இங்கே ஷெல்லர் என்போமே, அங்கே றெஜினோல்டோடு நின்று காரின் பனிக்காலச் சக்கரங்களைத் தேடிக்கொண்டிருந்தேன். பொலிஸ் பதிவில் அப்படித்தான் இருக்கிறது. இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும்.

என் மகன் ரிசாந் ஸ்தவாங்கரில் எண்ணெய்க் கம்பனியில் பொறியியலாளன். அன்றைக்கு மாலையே பறந்து வந்தான். தாயைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, வந்திருந்த ஆட்களுக்கு நடுவே சொன்னான்: "அப்பா மட்டும் வீட்டிலை நிண்டிருந்தா அவங்கள் உயிரோடை போயிருக்க மாட்டாங்கள்." எல்லோரும் தலையாட்டினார்கள். றெஜினோல்டும் ஆட்டினான். நான் குசினிக்குள் போய்த் தேத்தண்ணி வைத்தேன்.

பிஸ்ரல் வாங்கும் எண்ணம் அந்தத் தேத்தண்ணி கொதிக்கும்போதுதான் வந்தது. தற்காப்புக்கு என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். எதைக் காப்பது என்பதில்தான் கொஞ்சம் குழப்பம் வந்துவிட்டது.

ராசமலர் சிரிக்கவும் இல்லை, கத்தவும் இல்லை. "துவக்குக்குப் பயந்துதானே ஓடி வந்தனாங்கள். இப்ப துவக்கு வாங்க வரிசையிலை நிக்கப் போறியளோ?" என்று மட்டும் கேட்டாள். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. எங்கள் ஊரில் என் வயதுப் பொடியங்கள் பாதிப் பேர் துவக்குத் தூக்கினார்கள், மீதிப் பேர் துவக்குக்கு முன்னால் நின்றார்கள். நான் இரண்டும் செய்யவில்லை. மாமன் ஒருவர் வீட்டில் ஒளித்திருந்துவிட்டு விமானம் ஏறினவன் நான்.

இந்த நாட்டில் தற்காப்புக்கு என்று சொன்னால் பிஸ்ரல் கிடையாது. அந்தச் சொல் வாயில் வந்தாலே கதை முடிந்தது. சுடுகழகத்தில் சேரவேண்டும், பாதுகாப்பு வகுப்பு எடுக்கவேண்டும், மாதக்கணக்காக ஒழுங்காக வந்து சுட்டுக் காட்டவேண்டும். கழகம் நல்லவன் என்று சொன்ன பிறகுதான் பொலிஸ் அனுமதி தரும். வீட்டில் இரும்புப் பெட்டகம் வைத்துச் சுவரோடு இறுக்கவேண்டும். வெளியே கொண்டுபோவதென்றால் ரவை, குண்டைத்தான் சொல்கிறேன், போடாமல், பெட்டியில் பூட்டி, வீட்டுக்கும் சுடுதளத்துக்கும் இடையில் மட்டும். எவ்வளவு கவனமான நாடு பாருங்கள். இவ்வளவு கவனத்தையும் தாண்டி என்னைப்போல ஒருவன் வருவான் என்று அவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள்.

கழகத்தில் எனக்குப் பழக்கினவர் ஆர்னே. ஓய்வுபெற்ற தச்சர். ஏன் சுட விரும்புகிறாய் என்று முதல் நாள் கேட்டார். விளையாட்டு, மன ஒருமை என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. யோகாசனம் செய்கிற நாட்டுக்காரன் அல்லவா என்று நினைத்திருப்பார். நானும் திருத்தவில்லை.

ஆர்னேயின்மேல் ஒரு குற்றமும் இல்லை, அதைக் கட்டாயம் எழுதுங்கள். முதலில் சின்ன ரவைப் பிஸ்ரலில் பழக்கினார். கால் எங்கே, தோள் எங்கே, மூச்சை எந்த இடத்தில் பிடிப்பது. "விசையை இழுக்காதே, மெல்ல அழுத்து. வெடிக்கும்போது சுடுகிற உனக்கே திடுக்கிடவேண்டும்" என்பார். சுடுகிற நேரத்தை நானே தீர்மானித்தால் கை அதற்கு முன்னமே நடுங்கிவிடுமாம். அதனால் தீர்மானத்தை விரலிடம் விட்டுவிட வேண்டுமாம். எனக்கு அது மிகவும் பிடித்தது.

தெரிவு செய்கிற நாள் வந்தபோது ஆர்னே மேசையில் நாலைந்தை எடுத்துப் பரப்பினார். குசினியில் கத்தி தெரிந்து பழகினவனுக்கு இது புதிதில்லை. சாமான் கைக்கு அடங்கவேண்டும், கை சாமானுக்கு அடங்கக்கூடாது. நீளக் குழாய் உள்ள ஒன்றை அவர் தள்ளி வைத்தார், குறிபார்த்துச் சுடும் போட்டிக்கு அதுதான் நல்லது. நான் குட்டையானதை எடுத்தேன். "போட்டிக்கு இது வசதிப்படாதே" என்றார். என் கை சின்னது என்றேன். என் கை சின்னதில்லை. குட்டையானது ஜக்கெற்றுக்குள் தெரியாது.

இடுப்புக்குள் செருகுகிற தோலுறை ஒன்று எடுப்பித்தேன். அதிலிருந்து உருவுகிற பழக்கத்தை ஆர்னே சொல்லித்தரவில்லை, கழகத்தில் அதற்கு இடமும் இல்லை. ரவையில்லாத பிஸ்ரலோடு வீட்டில் நானே பழகினேன். ஜக்கெற்றை இடது கையால் விலக்கி, வலது கையால் பிடித்து, உருவி, நிமிர்த்தி, அழுத்தி. டிக். திரும்பவும். எங்கள் வீட்டில் ஆளுயரக் கண்ணாடி குளியலறையில்தான் இருக்கிறது, ஆகவே குளியலறையில். ஒருநாள் ராசமலர் கதவுக்கு வெளியே நின்று, "உள்ளை பூட்டிக்கொண்டு என்ன செய்யிறியள்?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, கேட்டிருக்கக்கூடாததைக் கேட்டவள்போல அப்படியே நின்றாள். நானும் கதவைத் திறக்கவில்லை.

பிறகு ரவை போட்டுக்கொண்டே வெளியே போகத் தொடங்கினேன். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். எனக்கு எதிர்மாறாக நடந்தது. சுரங்க ரயிலில், பலசரக்குக் கடையில், வேலையில் கஞ்சி கிண்டும்போது கூட இடுப்பில் அந்தக் கனம் இருந்தால்தான் நிமிர்ந்து நின்றேன். முந்தியெல்லாம் ரயிலில் பொடியங்கள் கூட்டமாக ஏறினால் அடுத்த பெட்டிக்கு மாறுவேன். இப்போது அவர்களுக்கு இடம் விட்டுக் கொடுத்தேன், புன்சிரிப்போடு. மனிதன் இவ்வளவு மரியாதையானவனாக மாற ஒரு பிஸ்ரல் தேவைப்படுகிறது என்பது வெட்கக்கேடுதான்.

இப்படிக் கொஞ்சக் காலம் போனது. பிறகு ஒரு சாமத்திய வீடு வந்தது, உங்கள் ஊரில் மஞ்சள் நீராட்டு என்பீர்கள். மண்டபம் நிறைந்த சனம். நான் கோட்டுச் சூட்டோடு நின்றேன். றெஜினோல்ட் பின்னால் வந்து, வழக்கம்போல, என் இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டு அணைத்தான். அவன் கை அதில் பட்டது. சிரித்த முகம் அப்படியே நின்றது. என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனான்.

"மச்சான், இதென்னடாப்பா? பிள்ளையள் ஓடித் திரியிற இடம்."

"சும்மா, ஒரு காவலுக்கு."

"வேண்டாமடா. பிடிபட்டால் உள்ளை தள்ளிப்போடுவாங்கள். என்னட்டைத் தா. நான் கொண்டுபோய் உன்ரை கழகத்திலை குடுத்து, ஏதோ சொல்லிச் சமாளிக்கிறன். பயப்பிடாதை. நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

கடைசி வசனத்தைக் கவனியுங்கள், பிள்ளை. ஒருத்தருக்கும் சொல்லமாட்டேன். சொல்லக்கூடியவன்தான் அப்படிச் சொல்வான். அந்த வசனத்தை அவன் எனக்குச் சொல்வது அது இரண்டாவது தடவை.

ஆகவே இப்போது ஷெல்லருக்கு வருகிறேன். களவு நடந்த அன்றைக்கு நான் ஷெல்லரில் நிற்கவில்லை. வீட்டில், குளியலறையில் நின்றேன். முகத்தில் சவர நுரை. மணி அடித்தது கேட்டது. கதவு மோதுகிற சத்தம் கேட்டது. அந்நியக் குரல் கேட்டது. பிறகு ராசமலர் கூப்பிட்டாள், "இஞ்சாருங்கோ" என்று. நான் குளியலறைக் கதவின் பூட்டைத் திருப்பினேன். திறக்கிற பக்கம் இல்லை, மற்றப் பக்கம். அவள் திரும்பவும் கூப்பிட்டாள். நான் தண்ணீர்க் குழாயை முழுதாகத் திறந்துவிட்டேன். தண்ணீர்ச் சத்தத்துக்குள் அவள் குரல் கேட்கவில்லை. அதற்காகத்தான் திறந்தேன்.

அவர்கள் போய்விட்டதும் எனக்குத் தெரியாது, தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. றெஜினோல்ட்தான் சத்தம் கேட்டுக் கீழிருந்து ஓடி வந்தான். ராசமலரைக் கதிரையில் இருத்தித் தண்ணீர் கொடுத்துவிட்டு வந்து கதவில் தட்டினான். "மச்சான், போயிட்டாங்கள். வெளியிலை வா." நான் வெளியே வந்தபோது என் முகத்தில் நுரை காய்ந்திருந்தது. அவன் துவாயை எடுத்து என் முகத்தைத் துடைத்தான். அப்போதுதான் முதல் தடவை சொன்னான், ஒருத்தருக்கும் சொல்லமாட்டேன் என்று. பொலிஸ் வந்ததும், நான் வாய் திறக்குமுன் அவனே முந்திக்கொண்டான்: "யோகன் என்னோடை ஷெல்லரிலை நிண்டவர்." ராசமலர் அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுக்கவில்லை.

அன்றைக்குப் பிறகு அவள் என்னை இஞ்சாருங்கோ, உங்கள் ஊரில் என்னங்க என்பீர்களே, அப்படிக் கூப்பிடவில்லை. ஏதும் தேவையென்றால் பக்கத்தில் வந்து நின்று சொல்கிறாள். தாலிக்கொடி போனதைவிட எனக்கு அதுதான் வலித்தது.

றெஜினோல்ட் என்னை ஒருநாளும் கேலி செய்யவில்லை. செய்திருந்தால் சண்டை பிடித்து, ஒரு வருடம் முகத்தைத் திருப்பி, பிறகு ஒரு போத்தலோடு சமாதானமாகியிருப்போம். அவன் முன்னைவிட அன்பாக இருந்தான். களவைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் கதையை மாற்றுவான். ரிசாந் என்னைப் பெருமையாகச் சொல்கிற நேரமெல்லாம் அவன் தலையாட்டுவான். ஆட்டும்போது என் முகத்தைப் பார்க்கமாட்டான். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ஊர் வாய் மூடித்தான் இருந்தது, பிள்ளை. மூடியை ஒருவன் கையில் வைத்திருந்தான், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. மண்டபத்தில் அவன் கை என் இடுப்பில் பட்டபோது, என்னைப் பற்றிய இரண்டாவது விஷயமும் அவனிடம் போய்ச் சேர்ந்தது.

அடுத்த திருத்தம் திறப்பு. சாவியைத்தான் சொல்கிறேன். றெஜினோல்டிடம் எங்கள் வீட்டுத் திறப்பு இருந்தது எனக்குத் தெரியாது, ராசமலர் கொடுத்திருப்பாள் என்று முதலில் சொன்னேன். ராசமலர் கொடுக்கவில்லை. சாமத்திய வீடு முடிந்த கிழமை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். மணிச் சத்தம் கேட்டாலே ராசமலர் திடுக்கிடுகிறாள், இனி வந்தால் மணி அடிக்காதே, நீயே திறந்துகொண்டு வா என்றேன். அது உண்மை. அவள் திடுக்கிடுகிறவள்தான். நல்ல மனதோடுதான் கொடுத்தேன் என்று கன நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

"ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வா. ஆட்டிறைச்சி சமைக்கிறன். சாப்பிட்டிட்டு நீ கேட்ட சாமானையும் கொண்டு போ" என்றேன்.

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "இப்பதானடா எனக்கு நிம்மதி" என்றான்.

"இமெல்டாவுக்குச் சொல்லாதை. கொலஸ்ட்ரோல் எண்டு கத்துவா."

"சொல்லுவனே? எனக்கென்ன விசரே?" என்று சிரித்தான்.

அந்த ஞாயிறு பெண்கள் இருவரும் ஹொல்ம்லியாவில் ஒரு பிள்ளைப்பேற்று வீட்டுக்குப் போவார்கள் என்று எனக்குத் தெரியும். காலையில் எழும்பி இறைச்சி வெட்டினேன், தூள் போட்டுப் பிரட்டி வைத்தேன், சோறு போட்டேன். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் சமைத்தேன். மாரித் அம்மையார் இதைக் குறித்துக்கொள்ளட்டும். மனம் மாறினால் சாப்பிடலாம் என்று ஒரு இடம் விட்டு வைத்தேனா, அல்லது இறைச்சி மணக்காவிட்டால் அவன் வாசலிலேயே சந்தேகப்படுவான் என்று நினைத்தேனா, எனக்கே தெரியவில்லை. கறி நல்லாய் வந்திருந்தது.

பூட்டில் திறப்புத் திரும்பியது. நான் படுக்கையறை வாசலில் நின்றேன், அங்கிருந்து பார்த்தால் நடை தெரியும். கதவு திறந்ததும் சுட்டேன் என்று முன்பு சொன்னேன். இல்லை. அவன் கதவைச் சாத்தினான். வெளியே பனி உருகிச் சேறாகக் கிடந்தது, அவன் பூசைக்குப் போய்விட்டு நேராக மேலே வந்திருந்தான். மிதியடியில் நின்று, சுவரில் கையை ஊன்றி, முழங்கால் வலியில் முனகிக்கொண்டு சப்பாத்துகளைக் கழற்றினான். கழற்றி, எங்கள் சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் ஒழுங்காக வைத்தான். அவ்வளவு நேரமும் நான் பார்த்துக்கொண்டு நின்றேன். களவெடுக்க வருகிறவன் சப்பாத்துக் கழற்றமாட்டான் என்று எனக்குத் தெரியாமலில்லை. பிறகு அவன் குசினிப் பக்கம் மணந்து பார்த்து, "மச்சான், நிக்கிறியே? வாசம் வாசல்மட்டும் வருது" என்றான்.

நான் நடைக்கு வந்தேன். ஜக்கெற்றை இடது கையால் விலக்கினேன். கை நடுங்கவில்லை. ஆர்னே சொன்னதுபோல மெல்ல அழுத்தினேன். வெடித்தபோது எனக்கே திடுக்கிட்டது. வேண்டுமென்று சுட்டீர்களா என்று கேட்டால், அந்தத் திடுக்கிட்டதைத்தான் இவ்வளவு நாளும் எனக்கு நானே சாட்சியாகக் காட்டிக்கொண்டிருந்தேன்.

அவன் சுவரோடு சரிந்து இருந்தான். உடனே சாகவில்லை. முதலில் அவன் என் முகத்தைத்தான் பார்த்தான், பிறகு பிஸ்ரலைப் பார்த்தான். கோபம் இல்லை. மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான்: "பயப்பிடாதை மச்சான். தவறி வெடிச்சதெண்டு சொல்லுவம்."

அந்த நிலையிலும் எனக்காக ஒரு பொய்யைத் தயார்பண்ணினான். அவன் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் உடனே தொலைபேசியை எடுத்திருப்பேனோ என்று யோசிக்கிறேன். நான் எடுக்கவில்லை. சப்பாத்துகளை எடுத்தேன். அவன் முன்னால் முழந்தாளிட்டு, கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் போட்டுவிட்டேன். நாடாவைக் கட்டினேன். சின்னப் பிள்ளைக்குக் கட்டுவதுபோல இரட்டை முடிச்சு. அவன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். என்ன செய்கிறேன் என்று முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. விளங்கினதை நான் கண்டேன். அவன் மூச்சு நின்ற பிறகுதான் அம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

சப்பாத்து ஈரமாக இருக்க நடை ஏன் காய்ந்திருந்தது என்று முந்தைய விசாரணையில் மாரித் அம்மையார் கேட்டார். துடைத்தேன் என்றேன். இப்போது அவருக்குச் சரியான பதில் கிடைத்துவிட்டது.

ஏன் இப்போது சொல்கிறேன் என்று மாரித் அம்மையார் கேட்பது எனக்கு விளங்குகிறது. சந்தேகத்துக்குப் பயந்து இல்லை. இமெல்டா வந்தாள். அனுமதி எடுத்து, காவலர் ஒருவர் பக்கத்தில் இருக்க, கறுப்புச் சேலையோடு எனக்கு முன்னால் வந்து இருந்தாள். திட்டுவாள், மண்ணள்ளித் தூற்றுவாள் என்று காத்திருந்தேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

"அண்ணை, நீங்கள் மனம் உடையக்கூடாது. பிழை அவரிலைதான். மணி அடியாமல் வந்திருக்கிறார். அதைவிட, சப்பாத்தோடை உங்கடை வீட்டுக்குள்ளை வந்திருக்கிறார். அவர் ஒருநாளும் ஒருத்தற்றை வீட்டுக்குள்ளையும் அப்பிடிப் போறவரில்லை, அண்ணை. என்ன யோசினையிலை வந்தாரோ. அதுக்கு நான் உங்களிட்டை மன்னிப்புக் கேக்கிறன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தாள். "களவு நடந்த அண்டைக்கும் நீங்கள் ரெண்டு பேரும் ஷெல்லரிலை ஒண்டாய்த்தானே நிண்டனீங்கள். அதை நெடுகச் சொல்லுவார். யோகன் மேலை நிண்டிருந்தால் அவங்களை விட்டிருக்க மாட்டான் எண்டு சொல்லுவார்."

அவன் பெண்சாதிக்குக்கூடச் சொல்லவில்லை, பிள்ளை. ஒரே கட்டிலில் படுக்கிறவளுக்குச் சொல்லவில்லை. பூசைக்குப் போகிறவன், பாவசங்கீர்த்தனத்தில் சாமியாருக்குச் சொன்னானோ தெரியாது. நான் எந்த வாயை மூடவேண்டும் என்று சுட்டேனோ அந்த வாய் ஏற்கெனவே மூடித்தான் இருந்திருக்கிறது. அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் செய்தது கொலை. பயத்தில் செய்த பிழை இல்லை. நான் ஒரு நல்ல மனிதனைச் சாப்பிடக் கூப்பிட்டுக் கொன்றேன், அவன் மானத்தையும் சேர்த்துக் கொன்றேன். அவன் சப்பாத்தோடு வீட்டுக்குள் வந்தவன் இல்லை என்பதை இமெல்டாவுக்கு யாராவது சொல்லவேண்டும். அதற்காகத்தான் உங்களைக் கூப்பிட்டேன்.

எத்தனை வருடம் கிடைத்தாலும் குறை சொல்லமாட்டேன். ராசமலருக்கு நான் இல்லாத வீடு கொஞ்சம் நிம்மதியாகவும் இருக்கலாம். எல்லாவற்றையும் எழுதுங்கள். திறப்புக் கொடுத்தது, சமைத்தது, அவன் கூப்பிட்டது, சப்பாத்து, இரட்டை முடிச்சு, ஒன்றும் விடவேண்டாம். அதற்குக் கீழே கையொப்பம் வைக்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கவேண்டும், அதை உங்களிடம்தான் கேட்கிறேன், மாரித் அம்மையாரிடம் இல்லை. அந்தக் குளியலறையை விட்டுவிடுங்கள்.

"ஐயா, நீங்க சொன்னது எல்லாத்தையும் நான் அப்பவே அவங்ககிட்ட சொல்லிட்டேன். எதையும் விட எனக்கு உரிமை இல்லீங்க."

தெரியும், பிள்ளை. நீங்கள் சொல்லும்போது கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். மாரித் அம்மையாருக்குத் தெரிந்தால் பரவாயில்லை, அவர் எங்கள் ஆள் இல்லை. ஆனால் நீதிமன்றத்தில் இதை எல்லோர் முன்னாலும் வாசிப்பார்கள். ரிசாந் வந்து முன்வரிசையில் இருப்பான். தகப்பன் கொலைகாரன் என்பதை அவன் தாங்குவான், ஆம்பிளைப் பிள்ளை. மற்றதை அவன் கேட்கக்கூடாது. களவு நடந்த அன்றைக்கு நான் ஷெல்லரில் நின்றேன் என்றே இருக்கட்டும். அது நான் சொன்ன பொய்யும் இல்லை. றெஜினோல்ட் கொடுத்த வாக்கு அது. செத்துப்போன மனிதனுடைய வாக்கையாவது நாங்கள் காப்பாற்ற வேண்டாமா?